கருவுக்குள்ளே அக்டினா?

என் ஆராய்ச்சிக்கு மேற்பார்வையாளராக வாய்த்தவர் ஒரு பேராசிரியர். டயகமப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவர். ஆங்கிலம் பேசும்போது அதை மறந்துவிடுவார். என்னிடம் வேலை வாங்கும்போது மட்டும், "நாம ஒரே மலைக்காரங்கம்மா" என்பார்.

உயிர்க்கலத்துக்கு உருவத்தையும் அசைவையும் தருவது அக்டின் என்ற புரதம். அது கலத்தின் நடுவிலுள்ள கருவுக்கு வெளியேதான் இருக்கும் என்று பள்ளியில் படித்திருந்தேன். ஆனால் சூட்டில் வைத்த கலங்களின் கருவுக்குள் அது குச்சி குச்சியாகத் திரண்டிருந்ததை நுண்நோக்கியில் கண்டேன். படங்களைக் கொண்டுபோய்க் காட்டினேன். தேநீர்க் கோப்பையைக் கீழே வைக்காமலே பார்த்தார்.

"அழுக்கும்மா. வெளிய இருந்து ஒட்டியிருக்கும். திரும்பக் கழுவிப் பாரு."

"அழுக்குன்னா, கோபிலினைக் குறைச்சதும் ஏன் சார் காணாமப் போகுது?" அக்டினைக் கருவுக்குள் கூட்டிப்போகும் புரதம்தான் கோபிலின்.

"கழுவச் சொன்னா கழுவு."

கழுவினேன். குச்சிகள் அங்கேயே இருந்தன.

அடுத்த ஆண்டு நுவரெலியாவில், ஒரு ஹோட்டலில் மாநாடு. எங்கள் வீடு ராகலையில். பஸ் பிடித்துப் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தேன். மேடையில் அவர், திரையில் என் படங்கள். என் பெயர் எங்கும் இல்லை. "கருவுக்குள் அக்டின் இருக்கும் என்று என் மனசு அன்றே சொன்னது" என்று ஆங்கிலத்தில் உருகினார். எனக்குக் கோபம் வரவில்லை. இவ்வளவு சின்ன ஆளா என்ற அருவருப்புதான் வந்தது.

எழுந்து கேட்டேன். "அக்டினை உள்ளே கொண்டுபோவது எது, சார்?"

இருமினார். "எக்ஸ்போட்டின்."

"அது வெளியே அனுப்புவது, சார்."

முன்வரிசையில் யாரோ சிரித்தார்கள். தலைமை தாங்கிய அம்மையார் என்னைப் பார்த்து, "இந்தப் படங்களை எடுத்தது யார்?" என்றார். "நான்தான்" என்றேன். மேடைக்கு அழைத்தார். மிச்சத்தை நானே விளக்கினேன். பேராசிரியர் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தார்.

வெளியே வந்ததும் வழிமறித்தார். "சபையில இப்பிடியா அவமானப்படுத்துறது? ஒங்க வீட்டுல சோறு தின்னவன் நான்."

"அம்மாக்கிட்ட சொல்றேங்க சார்."

சொன்னேன். கொழுந்து பறித்துவிட்டு வந்து கால் கழுவிக்கொண்டிருந்த அம்மா நிமிரக்கூட இல்லை. "கோழிக் கொழம்ப கேட்டுக் கேட்டு வாங்கித் தின்னாரு. நல்லாருக்குன்னு ஒரு வார்த்த வரல. அந்தாளு லட்சணம் எனக்கு அன்னைக்கே தெரியும்."

வேறொருவரிடம் மாறிப் பட்டத்தை முடித்தேன். பழைய பேராசிரியர் இன்னமும் அதே தலைப்பில் ஊர் ஊராக உரையாற்றுகிறார். யாராவது கேள்வி கேட்கக் கை தூக்கினால், நேரமாகிவிட்டது என்று கைக்கடிகாரத்தைப் பார்க்கிறாராம்.