மூன்றாவது தடவை

கதவு திறந்ததும் தைல நாற்றம்தான் முதலில் உள்ளே வந்தது. வில்லரே வட்டாரத்தில் நானும் அண்ணையும் நடத்தும் டெப்பனருக்கு, இந்தச் சின்ன மூலைக்கடைக்கு, அவன் ஒருநாள் வருவான் என்று நான் நினைத்ததே இல்லை.

சின்ன வயதில் ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்கா முழுக்க இந்த நாற்றம்தான். போலந்து கால்பந்து அணியின் பின்வரிசையில் நின்று ஆடி ஓய்ந்தவன், புல்லில் உட்கார்ந்து இரண்டு காலிலும் தைலம் தேய்ப்பான். அப்பா பிளாஸ்க் தேத்தண்ணியைக் குடிக்க மறந்து அவனையே பார்ப்பார். "உவரைத் தாண்டி ஒருத்தரும் போகேலாது" என்பார்.

ஒரு ஞாயிறு பூங்கா ஆட்டத்தில் அண்ணை பந்தோடு அவனை இரண்டு தடவை தாண்டினார். பார்த்தவர்கள் சிரித்தார்கள். மூன்றாவது தடவை அவன் பந்தைப் பார்க்கவே இல்லை. அண்ணையின் முழங்காலைப் பார்த்துச் சறுக்கினான். எலும்பு முறிந்த சத்தம் ஊஞ்சலில் இருந்த எனக்கே கேட்டது.

"பெரிய விளையாட்டுக்காரன், வேணுமெண்டு செய்யமாட்டான்" என்றார் அப்பா. அதற்காக அப்பாவையும் நான் மன்னிக்கவில்லை.

இப்போது கிழவனாகிவிட்ட அவன் தன் பழைய படமொன்றைக் கவுண்டரில் வைத்து, கடைக் கண்ணாடியில் ஒட்டச் சொன்னான்.

"என்னைத் தெரியும்தானே?" என்று பிரெஞ்சில் கேட்டான்.

எனக்கு வாய்வரை வசவு வந்துவிட்டது. அதற்குள் அண்ணை காலை இழுத்துக்கொண்டு பின்னறையிலிருந்து வந்தார். படத்தை வெளிச்சத்தில் பிடித்து அவசரமில்லாமல் ஆறுதலாகப் பார்த்தார்.

"இல்லையே. யார் இது?" என்று அதே பிரெஞ்சில் கேட்டார்.

கிழவனின் முகம் விழுந்தது. பெயரைச் சொன்னான். ஆடிய அணியைச் சொன்னான்.

"கேள்விப்பட்டதே இல்லை" என்று அண்ணை படத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

கதவு சாத்தியதும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"இப்பதான் மூண்டாந்தரம் தாண்டியிருக்கிறன், தங்கச்சி."