நெட்டையின் துடைப்பம்

உங்கள் அலுவலகத்தைப் பெருக்குகிறவரின் துடைப்பம் எவ்வளவு நீளம்? தெரியாதல்லவா?

ஒன்றரை முழம். ‘நெட்டை’ என்று எல்லோரும் கூப்பிடும் பெண், பதினொரு ஆண்டுகளாக மூன்று மாடி அலுவலகம் ஒன்றை அதைக் கொண்டுதான் பெருக்குகிறார். அவர் உயரத்துக்கு இடுப்பை இரண்டாக மடித்தால்தான் துடைப்பம் தரையைத் தொடும்.

பெண் பார்க்க வந்தவர்கள் ‘குனிந்த தலை நிமிராத பெண்’ என்று அவரை மெச்சினார்களாம். ஆண் தலைகுனிந்தால் அவமானம். பெண் குனிந்தால் அடக்கம். ஒரே வினைச்சொல்லில் எத்தனை ஓரவஞ்சனை!

போன வாரம் எக்ஸ்ரேயைப் பார்த்த மருத்துவர், “இன்னும் ஒரு வருஷம் இப்படிக் குனிஞ்சீங்கன்னா, அப்புறம் நிமிரவே முடியாதும்மா” என்றார்.

மறுநாளே நெட்டை ஒரு பழைய குழாயைத் துடைப்பத்தோடு சேர்த்து சைக்கிள் டியூபால் இறுக்கிக் கட்டினார். நின்றபடியே பெருக்கினார்.

மூன்றாம் நாள் காலை மேற்பார்வையாளர் வந்து நின்றார். கேமராவைப் பார்த்தே வேலை வாங்குகிறவர். முதுகு வளைந்திருந்தால் வேலை. நிமிர்ந்திருந்தால் சும்மா நிற்பதாகக் குறித்துவிடுவார்.

“மூணு நாளா வேடிக்கை பாத்துட்டு நிக்கிறியா?”

“பெருக்கிட்டுதான் சார் இருக்கேன். தரையைப் பாருங்க.”

“தரையை நான் பாத்துக்கறேன். குழாயை அவுத்துடு. இல்லன்னா வீட்டுக்குப் போ.”

வாளியோடு நின்ற தோழி கிசுகிசுத்தார்: “அவுத்துடுக்கா. ரெண்டு பிள்ளைங்க படிக்குது.”

நெட்டை துடைப்பத்தை மேற்பார்வையாளரின் காலடியில் மெல்லச் சாய்த்துவிட்டார்.

“டாக்டர் குனியக் கூடாதுன்னுட்டார் சார். நீங்களே அவுத்துக்குங்க.”

மேற்பார்வையாளர் குனிந்தார். தொப்பை இடித்தது. முடிச்சு அசையவில்லை.

தோழிக்குப் பொறுக்கவில்லை. “பாத்து சார், கேமராவுல பதியுது. இன்னிக்கு நீங்க ஒருத்தர்தான் வேலை செய்யறீங்க!”

முகம் சிவக்க எழுந்தார். “மாடியில உக்காந்திருக்கிறவங்கள்ல ஒருத்தராவது எழுதிக் குடுக்கட்டும், இவ நின்னு பெருக்கலாம்னு. திங்கக்கிழமைக்குள்ள வரலன்னா, நீ வேலைக்கு வர வேண்டாம்.”

அன்று வெள்ளிக்கிழமை. மாலைவரை நூறு பேராவது நெட்டையைக் கடந்து போனார்கள். நாற்காலியில் இருந்த ஒருவர் அவர் பெருக்கக் கால்களை மட்டும் தூக்கி வழிவிட்டார். எழுதிக் கொடுத்தவர் ஒருவருமில்லை.

குட்டக் குட்டக் குனிகிறவன் மடையன் என்கிறது பழமொழி. பிள்ளைகளுக்காகக் குனிகிறவர் மடையர் இல்லை. அதைக் கண்டும் காணாமல் படியேறுகிற நம்மை என்ன சொல்வது?

நாளைக் காலை உங்கள் அலுவலகத் துடைப்பத்தைப் பாருங்கள். ஒன்றரை முழம்தான் என்றால், நீளமான பிடி வேண்டுமென்று ஒரே ஒரு வரி எழுதிக் கொடுங்கள். உங்கள் பெயரையும் கீழே போடுங்கள்.