போய்ச் சேராத விடுதி

"கால் நோகுதோ?"

போன வாரம் ஸ்காபரோ கிளினிக் ஒன்றில் மருத்துவர் கேட்டார். அவரும் யாழ்ப்பாணத்தவர்தான்.

"பெரிசா இல்லை, டொக்டர்."

வீங்கியிருந்த என் கணுக்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "எங்கட சனம் எல்லாம் உப்பிடித்தான்" என்றபடி எழுதத் தொடங்கினார்.

மறுக்க முடியுமா? தொண்டை வறண்டு போயிருந்தாலும், போன வீட்டில் தேநீர் வேண்டுமா என்று கேட்டால் "இப்பதான் குடிச்சனான்" என்று சொல்லி வளர்ந்தவர்கள் நாம். அந்தப் பழக்கம் எவ்வளவு தூரம் இழுத்துச் செல்லும் என்பதை மூன்று கோடைகளுக்கு முன்பு ராக்கி மலைகளில் அறிந்தேன்.

நால்வர் போயிருந்தோம். நான், பல்கலைக்கழகத் தோழி தாரணி, பயணத்தை முன்னின்று நடத்திய அவளுடைய அண்ணா கஜன், அவருடைய நண்பர் ரமணன். மரங்கள்கூட வளர மறுக்கும் பாறை உயரத்தில், நடந்து மட்டுமே எட்டக்கூடிய மூன்று மலைவிடுதிகள் — நாளுக்கு ஒன்று என்பது திட்டம்.

முதல் நாளே என் குதிகாலில் கொப்புளம் எழுந்தது. சொல்லவில்லை. மாதக்கணக்கில் காத்திருந்து லீவு எடுத்து வந்தவர்களிடம் எப்படிச் சொல்வது? இரண்டாம் நாள் அது உடைந்தது. சப்பாத்துக்குள் காலுறை நனைவதை உணர்ந்தபடியே, கற்குவியல்கள் மீது ஏழு மணி நேரம் நடந்தேன். நின்ற இடமெல்லாம் கஜன் அண்ணா கேட்டார்:

"எல்லாருக்கும் ஓகேயோ?"

"ஐம் குட்" — தாரணி.

"எங்களுக்கென்ன, நடப்பம்" — ரமணன்.

"ஓம், ஓகே!" எல்லோரிலும் உற்சாகமான குரல் என்னுடையதுதான்.

மூன்றாம் நாள் காலை, இரண்டாவது விடுதியின் வாசலில் பைகளை மாட்டிக்கொண்டு நின்றோம். அடுத்த விடுதிக்கு ஓர் உயர்ந்த கணவாயைக் கடக்க வேண்டும். நடுவழியில் நான் விழுந்தால் இவர்கள்தான் சுமக்க வேண்டும். சொல்லிவிட்டால் பயணமே கெட்டுவிடும்...

"எல்லாருக்கும் ஓகேயோ?"

"அண்ணா... எனக்கு ஏலாது."

நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

தொப்பென்று ஒரு பை விழுந்தது. தாரணியுடையது.

"அடியே, இதை நேற்றே சொல்லியிருக்கலாமே! எனக்கு ரெண்டு முழங்காலும் போச்சு!"

"எனக்குப் பெருவிரல் நகம் கறுத்துப்போச்சு" என்றார் ரமணன், ஏதோ பரிசு வென்றவர் போல.

மூவரும் தலைவரைப் பார்த்தோம். கஜன் அண்ணா சுவரைப் பிடித்து, மெல்ல மெல்லப் படியில் அமர்ந்தார்.

"முதல் நாளே முதுகு பிடிச்சிட்டுது. ஆராவது ஒராள் சொல்லுவியள் எண்டுதானே திரும்பத் திரும்பக் கேட்டனான்! நீங்கள் வாயைத் திறந்தால்தானே?"

சிரித்ததில் எனக்குக் கண்ணீர் வந்தது. முதுகைப் பிடித்தபடி சிரித்த கஜன் அண்ணாவுக்கும் வந்தது. அவருடையது வலியால் வந்ததாக இருக்கலாம்.

வரவேண்டிய ஒரு குழு வராததால் அங்கேயே கட்டில்கள் கிடைத்தன. மறுநாள் சுலபமான பாதையால் கீழிறங்குவது என்று முடிவாயிற்று. அன்று முழுவதும் வெயில் ஏறிய பாறைகளில் கிடந்தோம். பனியுருகிய ஓடையில் கால்களை விட்டோம். நான் கொண்டுபோயிருந்த தமிழ் நாவலைத் தாரணி பறித்து, எழுத்துக் கூட்டி உரக்க வாசித்தாள். ஒரு பக்கத்துக்கு அரை மணி நேரம். வாங்குப் பலகையில் நீட்டி நிமிர்ந்து கிடந்த கஜன் அண்ணா, "பிறகு? பிறகு என்ன நடந்தது?" என்று அவசரப்படுத்தினார்.

இன்று நால்வரும் ஆளுக்கோர் ஊர்: தாரணி ஸ்ரௌவ்வில்லில், ரமணன் மார்க்கம் நகரில். எப்போதாவது கூடினால், ஏறிய மலைகளைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை. ஏறாத அந்த ஒரு நாளைப் பற்றியே பேசுகிறோம்.

மூன்றாவது விடுதி எப்படியிருக்கும்? இன்றுவரை எங்களில் ஒருவர்கூட இணையத்திலும் தேடிப் பார்க்கவில்லை.