செவ்வாய்க்கிழமைக் கடல்

ஒரு வருஷம் முழுக்க ஒரு நாள்கூட லீவு போடாமல் வேலைக்கு வந்தேன் என்று கம்பெனியில் எனக்கு ஒரு பரிசு கொடுத்தார்கள். சென்னைக்குத் தெற்கே, கடலை ஒட்டிய ஒரு ரிசார்ட்டில் இரண்டு பேர் ஒரு நாள் தங்கலாம். சாப்பாடு, நீச்சல், விளையாட்டு எல்லாம் அதிலேயே அடக்கம். கூப்பனைப் பிடித்துக்கொண்டு போட்டோவுக்கு நின்றபோது பெருமையாகத்தான் இருந்தது. லீவு போடாததில் என் சாமர்த்தியம் ஒன்றுமில்லை. லீவு போட்டால் வீட்டில் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

ஓசூரில் வண்டிப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் எனக்குத் தரம் பார்க்கும் வேலை. இருபது வருஷமாக ஒரே மேஜை, தலைக்கு மேல் ஒரே டியூப் லைட். கீறல் இருக்கிறதா, பிசிறு இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவதுதான் பிழைப்பு. அதனால் எதைப் பார்த்தாலும் முதலில் குறைதான் என் கண்ணில் படும். சொந்தக்காரர்கள் என்னைக் கல்யாணத்துக்குக் கூப்பிடவே யோசிக்கிறார்கள் என்று என் மகள் கேலி செய்வாள்.

மகள் ஒருத்திதான். அவள் அப்பா இறந்தபோது அவளுக்கு நான்கு வயது. கெலமங்கலத்திலிருந்து அவளைத் தூக்கிக்கொண்டு ஓசூருக்கு வந்து, இந்த வேலையில் சேர்ந்து, அவளைப் படிக்க வைத்தேன். இப்போது பெங்களூரில் ஓர் ஆபீசில் இருக்கிறாள். அடுத்த மாதம் ஜெர்மனிக்கு அனுப்புகிறார்கள், மூன்று வருஷத்துக்கு. போவதற்குள் ஒரு முழு நாள், காலையில் எழுந்ததிலிருந்து படுக்கும் வரை, அவளோடு இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசை. அதற்குத்தான் அந்தக் கூப்பன் என்று மனதுக்குள் முடிவு செய்துவிட்டேன்.

சொன்னதும் "வர்றன்மா" என்றாள். தேதியை எழுதிக் கொடுத்தது நான். எங்கள் கம்பெனியில் மெஷின் நிற்காது. வார விடுமுறையை ஆளுக்கொரு நாளாகப் பிரித்து விடுவார்கள். எனக்கு வந்தது செவ்வாய். விடுமுறை என்றாலே செவ்வாய் என்று கைக்குப் பழகியிருந்தது. யோசிக்காமல் ஒரு செவ்வாய்க்கிழமையை எழுதினேன். தேதியை மட்டும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பினேன். அவளும் கிழமையைப் பார்க்காமல் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டிவிட்டாள்.

முதல் நாள்தான் போன் வந்தது. "அம்மா, நாளைக்குச் செவ்வாக்கெழமைம்மா! எனக்கு ஆபீஸ் இருக்குதே. சரி, நீ கெளம்பு. நான் மேனேஜர்கிட்ட கேட்டுப் பாக்கறன். லீவு கெடச்சா காலைல ரயில் ஏறி நேரா அங்க வந்துடறன்."

தேதியை மாற்ற முடியுமா என்று அலுவலகத்தில் கேட்டேன். முடியாது என்றார்கள். பஸ் ஏறினேன். வேலூர் தாண்டும் வரை என்னை நானே திட்டிக்கொண்டு போனேன்.

ரிசார்ட் வாசலில் இரண்டு டம்ளரில் நன்னாரி சர்பத் வைத்திருந்தார்கள். மணிக்கட்டில் ஒரு நீலப் பட்டையைக் கட்டிவிட்டு, இன்னொன்றைக் கையில் கொடுத்தார்கள். மகள் வந்ததும் கட்டிக்கொள்ளட்டும் என்று பையில் வைத்தேன்.

இடம் பெரிதுதான். நீச்சல் குளம், அதற்குள் இறங்க நைலான் உடுப்பு வேண்டுமென்ற பலகை. பேட்மிண்டன் கோர்ட், டேபிள் டென்னிஸ் மேஜை, வில்லும் அம்பும், இரண்டு பேர் மிதிக்கிற சைக்கிள். எங்கும் ஆளில்லை. "சனி ஞாயிறுன்னா இங்க நிக்க இடம் இருக்காது மேடம்" என்றார் தோட்டத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தவர். டேபிள் டென்னிஸ் மேஜையின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். பிசிறு இருந்தது. எதிர்ப்பக்கம் நின்று பந்தைத் திருப்பி அடிக்க ஒரு ஆள் இல்லாமல் அந்த மேஜையை வைத்து என்ன செய்வது? பந்தை ஒரு தடவை அடித்தேன். அது தரையில் உருண்டு போனது. நானே போய் எடுத்து வந்தேன்.

மத்தியானம் வரை கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்த ஒரே கார் மீன் கொண்டுவந்தது.

இரண்டு மணிக்கு மகள் கூப்பிட்டாள். லீவு கிடைக்கவில்லை. என் குரல் உடைந்ததைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"அழுவாதம்மா. நமக்கு இது புதுசா? ஸ்கூல் படிக்கறப்பவும் இப்பிடித்தான். உனக்கு லீவுன்னா எனக்கு ஸ்கூலு. எனக்கு லீவுன்னா உனக்கு டூட்டி. பழகிப்போச்சு, விடு."

குறையாகச் சொல்லவில்லை. பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்வது மாதிரிச் சொன்னாள். அவள் ஓசூரில் இருந்த வரை ஞாயிற்றுக்கிழமைகளில் அவளைச் சர்ச்சுக்குக் கூட்டிப்போனது பக்கத்து வீட்டு அக்கா. அங்கே பலர் அந்த அக்காவைத்தான் இவள் அம்மா என்று நினைத்துக்கொண்டிருந்தார்களாம். அதை ஒரு வேடிக்கையாக என்னிடம் சொல்லி நானும் சிரித்திருக்கிறேன். செவ்வாய்க்கிழமைகளில் அவள் யூனிபாரத்தைத் துவைத்து, இஸ்திரி போட்டு, நாலரை மணி எப்போது ஆகும் என்று உட்கார்ந்திருப்பேன். வந்ததும் டியூஷனுக்கு ஓடிவிடுவாள். ஊரான் பொருளில் மயிரளவு கீறலைக் கண்டுபிடித்தவளுக்கு இது தெரியாமல் போயிருக்கிறது. என் மேல் எனக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

அறையில் இருக்க முடியாமல் உப்பங்கழிப் பக்கம் போனேன். அங்கே துடுப்புப் படகு விடுகிறார்கள். இரண்டு பேர் உட்காரும் படகு. லைஃப் ஜாக்கெட்டை மாட்டிவிட்ட அம்மாள், "இன்னொருத்தர் எங்க?" என்று கேட்டார். வரவில்லை என்றேன். "ஒரு ஆளுன்னா முன்பக்கம் தூக்கிக்கும்" என்று சொல்லி, தண்ணீர் நிரப்பிய இருபது லிட்டர் கேன் ஒன்றைத் தூக்கி வந்து முன் இருக்கையில் வைத்துக் கயிற்றால் கட்டினார். அந்தக் கேனைப் பார்த்துக்கொண்டே அரை மணி நேரம் துடுப்புப் போட்டேன். யாராவது பார்த்திருந்தால் சிரித்திருப்பார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது, பிறகு அழுகையும் வந்தது. நடுக்கழியில் யார் கேட்கப் போகிறார்கள் என்று நன்றாகவே அழுதேன்.

அன்று ராத்திரியே பஸ் ஏறி வந்து, புதன்கிழமை ஷிப்டுக்குப் போனதும் சூப்பர்வைசரிடம், வருகிற ஞாயிறு எனக்கு லீவு வேண்டும் என்று எழுதிக் கொடுத்தேன். அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"என்னக்கா, ஒடம்புக்கு ஏதாவது?"

"ஒன்னுமில்ல சார்."

"லீவு போட்டா இந்த வருஷப் பரிசு போயிடுமேக்கா."

"போவட்டும் சார்" என்றேன்.

ஞாயிறு காலை அத்திப்பள்ளி தாண்டி பெங்களூர் போய்ச் சேரும்போது மணி எட்டு. மகளிடம் சொல்லவில்லை. அவள் தங்கியிருக்கும் விடுதியில் மூன்றாவது மாடி. கதவைத் தட்டினேன். தலை கலைந்து, தூக்கம் கலையாத கண்ணோடு திறந்தாள். என்னைப் பார்த்ததும் முகம் வெளிறிப்போனது.

"என்னம்மா? வேலய விட்டு எடுத்துட்டாங்களா?"

"இல்ல பாப்பா. லீவு போட்டன்."

"எதுக்கு?" என்றாள்.

இருபத்து நான்கு வயதுப் பெண், நிஜமாகவே தெரியாமல்தான் கேட்டாள்.