பிளாஸ்டர் ஒட்டிய பட்டன்

அத்தானின் கீபோர்டில் இடது ஓரமாக ஒரு பட்டன் இருந்தது. காயத்துக்கு ஒட்டும் வெள்ளைப் பிளாஸ்டரில் ஒரு துண்டு வெட்டி அதன்மேல் ஒட்டியிருப்பார். அது எதற்கான பட்டன் என்று யாரும் படித்துவிடக் கூடாதாம். ஒட்டிய சில வாரங்களிலேயே விரல் பட்டுப் பட்டு, நடுவில் அழுக்காக ஒரு குழி விழுந்துவிடும். மறைக்க வேண்டியதை இவ்வளவு பளிச்சென்று காட்டிக்கொடுத்த பிளாஸ்டரை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

அத்தான் என் அக்காவின் கணவர். வாரநாட்களில் அரசு அலுவலகத்தில் கிளார்க், ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் சர்ச்சில் கீபோர்டு, முகூர்த்த நாட்களில் கல்யாண மண்டபங்களில் கச்சேரி. நாகமலை புதுக்கோட்டையில் தொடங்கிப் பேரையூர் வரைக்கும் அவருக்குக் ‘கீபோர்டு சார்’ என்றே பெயர். அந்தச் சாருக்கு ஏழு வெள்ளைக் கட்டைகளைத் தாண்டி ஒன்றும் தெரியாது. பாடுகிறவரின் சுதி ஏறினாலும் இறங்கினாலும் பிளாஸ்டர் பட்டனை இரண்டு தட்டுத் தட்டுவார்; கருவியே சுதியை மாற்றிக் கொடுத்துவிடும்; அவர் விரல்கள் இருந்த இடத்திலேயே குடித்தனம் நடத்தும். கறுப்புக் கட்டைகளெல்லாம் அவரைப் பொறுத்தவரை அழகுக்கு வைத்தவை. “கீபோர்டுன்னா நம்ம வாசிக்கக் கூடாதும்மா, அதுவா வாசிக்கணும்” என்று மீசையைத் தடவிக்கொண்டு சொல்வார். சுற்றி நிற்பவர்களும் பெரிய ஞானத்தைக் கேட்டுவிட்டதுபோல் தலையாட்டுவார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

நான் பள்ளி விடுதியில் கிடந்த பழைய பியானோவில் எல்லாச் சுதியிலும் திட்டு வாங்கிப் படித்தவள். அந்தத் திமிர் எனக்கு உண்டு, இல்லை என்று சொல்லவில்லை. மாடி அறையில் ஒரு கம்ப்யூட்டரையும் மைக்கையும் வைத்துப் பாட்டுப் பதிவு செய்து கொடுக்க ஆரம்பித்தபோது, பியானோ போலவே கட்டைகள் கனத்து எதிர்த்து நிற்கும் மிடி கீபோர்டு ஒன்று வேண்டியிருந்தது. அதற்குச் சொந்தமாகச் சத்தம் கிடையாது. கம்ப்யூட்டரோடு இணைத்தால்தான் பேசும். ஆனால் மெதுவாகத் தொட்டால் மெதுவாகவும், ஓங்கி அழுத்தினால் ஓங்கியும் அது கேட்கும். சல்லிசாகக் கிடைக்கும் லேசான கட்டைகளில் அந்த வித்தியாசம் வராது. சுவரில் இருக்கும் சுவிட்சைத் தட்டுவது மாதிரிதான். யூடியூபில் வழிகாட்டும் மேதாவிகள் பத்து நிமிட வீடியோவில் எட்டு நிமிடம் அட்டைப்பெட்டியைப் பிரிக்கிறார்கள். மீதி இரண்டு நிமிடத்தில் “செம்மையா இருக்கு மக்களே” என்று முடித்துவிடுகிறார்கள். ஒருவராவது கட்டையை அழுத்தினால் லொடலொடவென்று ஆடுகிறதா என்று சொன்னதில்லை.

ஆகவே நேரில் போனேன். ‘சார்’ இல்லாமல் கீபோர்டு வாங்குவதா என்று அக்கா அவரையும் கூடவே அனுப்பினாள். டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் ஒரு கடை. கடைக்காரர் அத்தானைப் பார்த்ததும் விளக்கெல்லாம் கலர் கலராக எரிகிற ஒன்றைப் போட்டு, அதிலேயே அடைத்து வைத்திருக்கும் பாட்டை ஓடவிட்டார். அத்தான் கட்டைகளின்மேல் விரல்களை ஓட்டி, தானே வாசிப்பதுபோல் கண்ணை மூடிக்கொண்டார். நான் மின்சாரம் கொடுக்காமலே மூன்று கருவிகளைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன். சத்தம் இருந்தால் காது மயங்கிவிடும். விரலுக்கு என்ன தெரிகிறது என்பதுதான் எனக்கு வேண்டும்.

“அக்கா, சுவிட்ச்சே போடலையே” என்றார் கடைக்காரர்.

“அது கொஞ்சம் அப்படித்தான், நீங்க கண்டுக்கிராதீங்கண்ணே” என்றார் அத்தான்.

பாதிக் கனம் என்று சொன்ன முதலாவது, ரப்பரை அழுத்துவதுபோல் இருந்தது. இரண்டாவதில் கனம் இருந்தது. ஆனால் விரலை எடுத்ததும் கட்டைகள் தடதடத்தன, அந்தத் தடதடப்பு மைக்கில் ஏறிவிடும். மூன்றாவது ஒரு விளக்கும் இல்லாத கறுப்புப் பலகை. இடது பக்கக் கட்டைகள் கனத்தும், வலப்பக்கம் போகப் போக இளகியும் இருந்தன. எண்பத்தெட்டுக் கட்டை, சேலை அகலத்தைவிட ஒரு சாண் நீளம். வீட்டுக்குப் போனால் பீரோவைத் திருப்பிப் போட வேண்டும். இருந்தாலும் அதுதான் என்று முடிவு செய்தேன். “சத்தம் வராத பலகைக்கு இம்புட்டுக் காசா? பேசாம ஒரு டைனிங் டேபிள் வாங்கியிருக்கலாம்” என்று அத்தான் வழி நெடுகச் சொல்லிச் சிரித்துக்கொண்டு வந்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். இந்த மனிதருக்கு ஒருநாள் காட்டுகிறேன் என்று அன்றைக்கே மனசில் எழுதி வைத்துவிட்டேன்.

அந்த நாளும் வந்தது. கிறிஸ்துமஸுக்கு எங்கள் சர்ச் பாடகர் குழுவின் பாட்டொன்று என் அறையில் பதிவானது. “அவரு வாசிக்கட்டும்டி, பேரு வரட்டும்” என்றாள் அக்கா. பாட வந்தவர் ஒரு டீச்சர். அவர் குரலுக்குப் பொருந்திய சுதியில் மூன்று கறுப்புக் கட்டைகளைத் தொடாமல் நகர முடியாது. அத்தான் உட்கார்ந்ததும் அவருடைய கை வழக்கம்போல் இடது ஓரத்தைத் தடவியது. அங்கே ஒன்றும் இல்லை.

“ஏம்மா, இதுல சுதி மாத்துற பட்டன் எங்கன இருக்கு?”

இருந்தது. மேலே இருக்கும் ஒரு சின்னப் பட்டனைப் பிடித்துக்கொண்டு வேண்டிய சுதிக்கான கட்டையை அழுத்தினால் மாறிவிடும். எனக்குத் தெரியும். “இதுல அதெல்லாம் கிடையாது அத்தான். விரலாலதான் வாசிக்கணும். உங்களுக்கு என்ன, எந்தச் சுதியும் வருமே” என்றேன்.

வாசித்தார். இரண்டாவது வரிக்குள் கனத்த கட்டைகளில் விரல்கள் புதைந்தன. மூன்றாவது வரியில் எந்தக் கறுப்பு எங்கே என்று தெரியாமல் கை நின்றுவிட்டது. டீச்சர் பாட்டுத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். காபித் தட்டோடு வந்த அக்கா வாசலிலேயே நின்றாள். “கை கொஞ்சம் மரத்துப் போச்சும்மா. நீயே வாசிச்சிரு” என்று எழுந்தார். நான் வாசித்தேன், ஒரே தடவையில். பாட்டு நன்றாக வந்தது. எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அடுத்த ஞாயிறு அவர் சர்ச்சில் கீபோர்டு பக்கம் போகவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போகவில்லை. அவருடைய கீபோர்டு போர்வை சுற்றிப் பரணுக்குப் போனது. அதற்கும் நான் வருத்தப்படவில்லை. ஒரு போலி ஒழிந்தது என்றுதான் நினைத்தேன்.

மூன்று வருடமாகிறது. அவர் இப்போது சர்ச்சில் கடைசி வரிசையில் உட்கார்ந்து பாடுகிறார். பார்க்கிறவர்களிடமெல்லாம் என்னைப் பற்றிச் சொல்கிறாராம்: “எங் கொழுந்தியா வச்சிருக்கிறதுதான் கீபோர்டு. அதுல சுதி மாத்துற பட்டனே கிடையாது. அம்புட்டும் விரல்தான்.” என் பொய்யை அவர் என் பெருமையாக ஊரெல்லாம் சுமந்துகொண்டு திரிகிறார்.

போன வாரம் ஒரு கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்த அத்தான், பதிவு நடக்கிறதென்று கேள்விப்பட்டு மாடிக்கே வந்துவிட்டார். அதே டீச்சர்தான் பாடிக்கொண்டிருந்தார். அவருக்குச் சளி. “சுதியை அரை கட்டை இறக்குங்க” என்றார். இறக்கினால் ஐந்து கறுப்புக் கட்டைகளும் வந்து நிற்கும் சுதி. என் கை தன்னால் மேலே அந்தச் சின்னப் பட்டனுக்குப் போனது. இந்த மூன்று வருடமும் நான் அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். பாடுகிறவர்களைக் காக்க வைக்க முடியுமா, நேரம் மிச்சம் என்றெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டு.

“வாசிம்மா, நான் சும்மா கேக்கேன்” என்று அத்தான் கதவருகே ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

கையை இறக்கிக்கொண்டேன். விரலாலேயே வாசித்தேன். விடுதியில் படித்ததெல்லாம் எங்கே போனதோ. இரண்டு வரி தாண்டியதும் தடுமாறி நின்றேன். மறுபடியும் ஆரம்பித்து மறுபடியும் நின்றேன். டீச்சர் பாட்டுத் தாளைப் பார்க்க ஆரம்பித்தார்.

“கை மரத்துப் போச்சாம்மா?” என்றார் அத்தான். குரலில் ஒரு துளி கேலி இல்லை. “எனக்கும் அன்னைக்கு அப்படித்தான் இருந்துச்சு. கட்டை அம்புட்டுக் கனம்ல. செத்த நேரம் நீவி விட்டுட்டு வாசி. நான் வாரேன்.”

அவர் படியிறங்கும் சத்தம் முழுவதும் அடங்கும்வரை காத்திருந்தேன். பிறகு அந்தச் சின்னப் பட்டனைப் பிடித்து ஒரு கட்டையை அழுத்தினேன். சுதி அரை கட்டை இறங்கியது. டீச்சர் பாடினார், நான் வாசித்தேன், ஒரே தடவையில் முடிந்தது. டீச்சர் போன பிறகு குனிந்து பார்த்தேன். அந்தப் பட்டன்மேல் இருந்த எழுத்து பாதி தேய்ந்து போயிருந்தது. மருந்து டப்பாவை எடுத்துப் பிளாஸ்டர் இருக்கிறதா என்று தேடினேன்.