ஒன்பது வான்கோழி முட்டைகளும் ஒரு தாய்க்கோழியும்

போன வாரம் முழுக்க எனக்கும் ஒரு கோழிக்கும் மல்லுக்கட்டு. இரண்டு பேருமே களைத்துவிட்டோம்.

சின்னாளப்பட்டி பக்கம் என் தோட்டத்தில் வான்கோழி வளர்ப்பது உங்களுக்குத் தெரியும். பழைய கறுப்பு ரகம். மதுரை நண்பர்கள் 'ஹெரிட்டேஜ் பிரீட்' என்பார்கள். மிஞ்சியிருந்த ஒரே பெட்டையைப் போன மாதம் தெருநாய் கடித்துக் கொன்றுவிட்டது. அது விட்டுப்போனது ஒன்பது முட்டைகள். அவையும் பொரிக்காவிட்டால் என் ஆறு வருட உழைப்பு அவ்வளவுதான்.

பக்கத்துத் தோட்டத்துப் பஞ்சவர்ணம் அக்கா வழி சொன்னார். முட்டைகளை நாட்டுக்கோழிக்கு அடை வைக்க வேண்டும். கூடவே நாலு கோழி முட்டை. வான்கோழிக் குஞ்சுக்கு இரை கொத்தத் தெரியாதாம் – கோழிக்குஞ்சைப் பார்த்துத்தான் பழகுமாம். வைத்தேன்... எல்லாவற்றையும் ஒரே நாளில்.

இருபத்தோராம் நாள் நாலு கோழிக்குஞ்சுகள் வந்தன. தாய் அவற்றைக் கூட்டிக்கொண்டு எழுந்துவிட்டது. வான்கோழிக்கோ இருபத்தெட்டு நாள்! முட்டைகள் ஆறத் தொடங்கின. அக்காவிடம் ஓடினேன்.

"ஏந்தம்பி, கோழி முட்டைய எட்டாம் நாளு வைக்கணும்னுல்ல சொன்னேன்? அப்பத்தான ரெண்டும் ஒண்ணாப் பொரிக்கும்."

சொல்லியிருப்பார். பாதியிலேயே தலையாட்டிவிட்டு வருவது என் பழக்கம்.

வேறு அடைக்கோழி கிடைக்கவில்லை. குஞ்சுகளைப் பிரித்து அட்டைப்பெட்டியில் பல்பு போட்டு வைத்தேன். கோழியை மறுபடி முட்டைமேல் உட்காரவைத்துப் பஞ்சாரத்தால் மூடினேன். குஞ்சுகள் கத்தக் கத்த, அது கூடையை முட்டியது. பெட்டியைச் சத்தம் கேட்காத அறைக்கு மாற்றினேன். மூன்றாம் நாள் கோழி அடங்கியது. ஜெயித்துவிட்டதாக நினைத்தேன்.

இருபத்தெட்டாம் நாள் ஐந்து வான்கோழிக் குஞ்சுகள் பொரித்தன. இரை கொத்தப் பழக்க, பெட்டியிலிருந்த நாலையும் கொண்டுவந்து விட்டேன். ஓடிப்போய்த் தாயின் சிறகுக்குள் நுழையப் பார்த்தன. அது கொத்தி விரட்டியது. ஒன்றுக்குத் தலையில் ரத்தம். நாலையும் அள்ளி வெளியே விட்டேன்.

"அதுக்கு இப்ப இதுகதான் பிள்ளைக. அத வையாத தம்பி" என்றார் அக்கா.

வைவதற்கு எனக்கு ஏது வாய்?

நாலும் பஞ்சாரத்துக்கு வெளியே கம்பு கொத்தின. இடுக்கு வழியாகப் பார்த்தே வான்கோழிக் குஞ்சுகள் பழகிவிட்டன. ஒன்றைக் காப்பாற்றக் கிளம்பும்போது பக்கத்தில் இருப்பதை மிதித்துவிடுகிறோம் – வீட்டிலும் இப்படித்தானே?

இப்போது அந்த நாலும் என்னை விடுவதில்லை. நடந்தால் பின்னாலேயே வருகின்றன. உட்கார்ந்தால் வேட்டிக்குள் புகுகின்றன. அலுப்புதான். எப்படி விரட்டுவது?

தாயைப் பறித்தவன் நான்தான் என்று அவற்றுக்குத் தெரியாதே...