வெற்றிவேலின் கடைசி மெனு

தொண்டூர் துரைக்கண்ணுவின் மகன் வெற்றிவேலுக்குச் சின்ன வயதிலிருந்தே பொழுது சாய்ந்தால் கண் தெரியாது. மாலைக்கண் என்று ஊரில் சொன்னார்கள். அவன் அம்மா முருங்கைக் கீரையும் பப்பாளியுமாகக் கொடுத்துப் பார்த்தாள். படித்து முடித்துச் சென்னையில் இணையதளம் கட்டும் வேலைக்குப் போன பிறகு, பக்கவாட்டில் வந்த ஆட்டோ தெரியாமல் ஒருநாள் அடிபட்டான். அப்போதுதான் மருத்துவர் உள்ளதைச் சொன்னார். விழித்திரை ஓரத்திலிருந்து கருகிக்கொண்டு வருகிறது, நடுவில் இருப்பதும் ஒருநாள் போகும், மருந்து கிடையாது.

மனைவி மணிமொழியைத் தவிர வேறு யாரிடமும் அவன் அதைச் சொல்லவில்லை. கொரோனாவுக்குப் பிறகு வீட்டிலிருந்தே வேலை என்றானதும் செஞ்சியில் ஒரு மாடி வீட்டுக்கு வாடகைக்கு வந்துவிட்டார்கள். மணிமொழி ஜாக்கெட் தைத்தாள். ஜன்னலோரம் தையல் மிஷின், சுவரோரம் அவன் கம்ப்யூட்டர்.

ஒரு ஜவுளிக் கடையின் இணையதள வேலை அவனிடம் வந்தது. போனில் பக்கம் திறப்பதற்குள் ஆட்கள் மூடிவிட்டுப் போய்விடுகிறார்களாம். பக்கத்தின் மேலே துணிவகைகளைப் பட்டியலிடும் மெனுவின் நிரல்தான் கனக்கிறது, அதை இளைக்க வை என்றார் மேலாளர் சிவசங்கர். பழைய நிரல், பலர் கைபட்டு நீண்டு கிடந்தது. வெற்றிவேலுக்கு முன்பெல்லாம் அது அரைநாள் வேலை.

இப்போது அவன் உலகம் ஒரு குழாய் வழியே பார்ப்பதுபோல் சுருங்கியிருந்தது. திரையில் நாலைந்து எழுத்து தெரியும். வரியின் முடிவுக்குப் போவதற்குள் தொடக்கம் தவறிவிடும். எது எங்கே திறந்து எங்கே மூடுகிறது என்று சேர்த்துப் பார்க்க முடியவில்லை. சில நாள் தனியாக முட்டிப் பார்த்துவிட்டு மணிமொழியைக் கூப்பிட்டு, ஒவ்வொரு வரியாகப் படிக்கச் சொன்னான்.

தைப்பதை வைத்துவிட்டு அவள் வந்து உட்கார்ந்தாள். கூர்முனை, சாய்கோடு என்று குறிகளுக்குப் பெயர் வைத்துக்கொண்டு, ஆங்கிலத்தை எழுத்துக்கூட்டிப் படித்தாள். பட்டு, பருத்தி, வேட்டி, குழந்தைகள் உடை என்று போய்க்கொண்டே இருந்தது. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு பாதியில் நிறுத்தினாள்.

"இத காலைலயே படிச்சனே. திரும்பவும் வருது. நான் தப்பா வந்துட்டனா?"

மறுபடி மேலே போய்ப் பார்க்கச் சொன்னான். அவள் தப்பாக வரவில்லை. மெனு முழுக்கக் கம்ப்யூட்டருக்கென்று ஒருமுறையும் போனுக்கென்று இன்னொருமுறையும் எழுதப்பட்டிருந்தது. ஒன்றைக் காட்டி மற்றதை மறைத்திருந்தார்கள். மறைத்ததும் போனில் சேர்ந்தே இறங்கியது, அதுதான் கனம். ஒவ்வொரு பெயருக்குள்ளும் ஒரு படம் வேறு. கண் தெரிந்தவர் மவுஸை ஒருதரம் உருட்டியிருந்தாலே பட்டிருக்க வேண்டியது. வெற்றிவேல் நாற்காலியைப் பின்னால் தள்ளினான். அவள் பயந்துபோய், தான் ஏதாவது கெடுத்துவிட்டேனா என்று கேட்டாள்.

"நீ ஒண்ணும் கெடுக்கல. எனக்குத்தான் தெரியாம போயிடுச்சு."

இரண்டில் ஒன்றை எடுத்தான். மிச்சமிருந்த ஒன்றே திரையின் அகலத்துக்கு ஏற்ப விரியவும் மடங்கவும் செய்தான். தொட்டால் மட்டும் படம் வரட்டும் என்று வைத்தான். பின்னணிக்கு நெல் நாற்றின் பச்சையைத் தேர்ந்தெடுத்தான். மணிமொழியின் பழைய போனில், சிக்னல் சரியாக எடுக்காத மாடிப்படியில் நின்று சோதித்தார்கள். தொட்டதும் திறந்தது. அவன் போனை மூக்கருகே பிடித்துத் துண்டு துண்டாகப் பார்த்தான்.

கடைக்காரர்களும் அலுவலகத்தாரும் இருந்த வீடியோ கூட்டத்தில் சிவசங்கர் அவனைப் பாராட்டிவிட்டு, திரையில் இயக்கிக் காட்டச் சொன்னார். எதிர்பாராத வேலை. மவுஸின் அம்பு எங்கே போனது என்று அவனுக்குத் தெரியவில்லை. அது திரையெங்கும் அலைந்தது. மெனு மேலே இருக்கிறது என்று யாரோ சொன்னார்கள், இன்னொருவர் சிரித்தார். மணிமொழி எழுந்து வந்து அவன் கையின்மேல் கை வைத்து நகர்த்தினாள். அவள் குனிந்ததைக் கேமராவில் எல்லோரும் பார்த்தார்கள்.

சாயங்காலம் சிவசங்கர் போன் செய்தார். "ஏன் வெற்றி முன்னாடியே சொல்லல?"

"சொல்லியிருந்தா இந்த வேலைய குடுத்திருப்பீங்களா சார்?"

அவனுக்காக அவர் மேலிடத்தில் பேசிப் பார்த்தார் என்று பிறகு தெரிந்தது. சித்திரை பிறக்குமுன் வேலை போய்விட்டது. கம்பெனி கம்ப்யூட்டரைத் துணி சுற்றிப் பெட்டியில் வைத்து, மணிமொழியே கூரியரில் அனுப்பிவிட்டு வந்தாள்.

சுவரோரம் மேசை வெறுமையாகக் கிடந்தது. போனில் இருப்பதை வாசித்துச் சொல்லும் குரலைப் பழகிக்கொள்ள மணிமொழி சொன்னபோது, தன்னை அதற்குள் குருடனாக்கிவிட்டதாக அவன் அவள்மேல் கோபப்பட்டான். சாப்பிடாமலும் இருந்தான். பிறகு அவளே ஒருநாள் அந்தக் குரலை முடுக்கி அவன் கையில் போனைக் கொடுத்துவிட்டு மிஷினுக்குப் போனாள்.

அவன் முதலில் திறந்தது அந்த ஜவுளிக் கடையைத்தான். உடனே திறந்தது. பட்டு, பருத்தி, வேட்டி என்று குரல் ஒரேயொரு முறை சொல்லி முடித்தது. கொஞ்சநேரம் கழித்து மணிமொழியைக் கூப்பிட்டான்.

"மேல பச்சை நல்லா தெரியுதா?"

அவள் போனை வாங்கிப் பார்த்தாள்.

"நீலமா இருக்குதுங்க."

"பச்சைதான வெச்சேன்?"

"யாரோ மாத்தியிருக்காங்க போல."

எந்த மாதிரி நீலம் என்று கேட்டான். அவள் சொல்லத் தெரியாமல், அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.